உப்பக் கொறைங்க

கையில் பிரஷர் பார்க்கும் பட்டையைக் கட்டினாலே நீலாவதி கண்ணை மூடிக்கொள்வாள். அதனால் வாராவாரம் வீட்டுக்கு வரும் நர்ஸ் அமிர்தம் முதலில் அவள் புருஷன் கோதண்டபாணிக்குத்தான் கட்டிப் பார்ப்பார்.

குழந்தை பிறந்து இருபது நாள். எட்டாம் மாதம் கால் வீங்கி, ரத்தக் கொதிப்பு ஏறி, நீலாவதி பிழைத்ததே பெரிது. பிரசவத்துக்குப் பிறகும் ஆறு வாரம் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னது பீங்கான் சூளையில் வேலை செய்யும் கோதண்டபாணிக்கு உடனே புரிந்தது. ஜாடிகள் ஆறும்போதுதான் விரிசல் விடும்.

அமிர்தம் இருவருக்கும் பார்த்து முடித்தார்.

"பிரஷரு நூத்தம்பது இருக்குது. உப்பக் கொறைங்க," என்றார். "வரேன்டி நீலா. நல்லா தூங்கு."

அன்றே வீட்டில் உப்பு நின்றது. ஸ்ரீமுஷ்ணத்து மாமியார் அனுப்பிய எலுமிச்சை ஊறுகாய் நீலாவதியின் கண்ணில் படக்கூடாதென்று சூளைக்குப் போனது. வீணாக்க மனமில்லாமல் மதியக் கஞ்சிக்கு அவனே தொட்டுக்கொண்டான்.

அடுத்த வாரம் நூற்று அறுபது.

"உப்பு சேத்துக்கறீங்களா?"

"வூட்டுல ஒரு கல்லு உப்பு கெடையாதுங்க."

"அப்ப எதுனா மனக்கவலையா? நிம்மதியா இருக்கணும்."

நிம்மதிக்காகப் பக்கத்து வீட்டு ராஜாம்பாளை வரவேண்டாம் என்றான். ராஜாம்பாளோடு போட வேண்டிய சண்டையையும் நீலாவதி அவனோடு போட்டாள். அடுப்படியில் கருவாட்டுப் பொட்டலம் சிக்கியது. அதுவும் சூளைக்குப் போனது.

"எனக்கு மட்டும் உப்பில்லாத கஞ்சி. உங்க சட்டையில ஏன் கருவாடு நாறுது?"

"சூளை வாசன அது."

மூன்றாம் வாரம் அமிர்தம் பாதரசத்தை இரண்டு தரம் ஏற்றி இறக்கினார்.

"நூத்தி எழுவத்தஞ்சு. இனிமே தாங்காது. நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு வந்து படுங்க."

கோதண்டபாணி குழந்தையைப் பார்த்தான்.

"கைக்கொழந்தைய வுட்டுட்டு எப்படிங்க வருவா? அவளுக்கு ஒண்ணுன்னா நான்..."

அமிர்தம் பெட்டியை மூடினார். நீலாவதியைப் பார்த்தார். அவனைப் பார்த்தார்.

"அவளுக்குப் பிரஷரு எறங்கி மூணு வாரமாச்சு. நீலாவ நான் என்னிக்குங்க 'வாங்க, போங்க'ன்னு பேசியிருக்கேன்?"