டெய்லர் டாக்டரும் அப்பாவின் நடையும்

ஒரே இளைப்புக்கு ஆளுக்கு ஒரு விதமாக வைத்தியம் பார்த்து, எல்லோரிடமும் ஒரே விதமாகத் திட்டு வாங்கிய டாக்டர் இந்த உலகத்தில் எங்கள் இரும்புலியூர் டெய்லர் டாக்டர் ஒருவர்தான்.

நெஞ்சு நோய்க்கென்றே படித்தவர். "ரெடிமேட் சட்டை எல்லாருக்கும் பொருந்துமா சார்? அளவெடுக்காம நான் மருந்து தர்றதில்லை" என்பார். அப்படி வந்த பெயர் அது. அவருடைய சொந்தப் பெயர் கிளினிக் போர்டில் இருந்தது. அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

அளவெடுப்பது என்றால், சொல்லாமல் கொள்ளாமல் நோயாளியின் வீட்டுக்கே வந்துவிடுவார். மண்ணெண்ணெய் ஸ்டவ்வை முகர்ந்து பார்ப்பார். தலையணையைத் தட்டித் தூசி எண்ணுவார். எதற்கெல்லாம் கோபம் வரும், எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பீர்கள் என்று குடைவார். "என்னைப் பொண்ணு பார்க்க வந்தவங்ககூட இவ்வளவு கேட்கலை" என்று அம்மா அலுத்துக்கொண்டாள்.

எதிர்வீட்டு மேரி அக்காவுக்கும் இளைப்பு உண்டு. "சூடான ரசத்தை எப்படி ஊதுவீங்க? உதட்டைக் குவிச்சு, மெதுவா. மூச்சு வாங்கும்போதெல்லாம் அப்படியே ஊதுங்க" என்றார் டாக்டர். அக்காவுக்கு அந்த வைத்தியம் நன்றாகவே கேட்டது. சேதி பரவி, பீர்க்கன்கரணை நிலக்காரர் ஒருவர் கிளினிக்கில் தானாகவே ரசம் ஊதிக் காட்ட, டாக்டருக்கு வந்ததே கோபம்!

"அது அவங்க ரசம்யா! உங்க வூட்ல இன்னா?"

"நமக்குக் கஞ்சிதான் டாக்டரே."

"அப்ப கஞ்சியை ஊதுங்க!"

எங்கள் அப்பா சிகரெட்டை விட்டுவிட்டார். சிகரெட் அவரை விடவில்லை. கொஞ்ச தூரம் நடந்தாலே நின்று மூச்சு வாங்க வேண்டும். டாக்டர் கொடுத்த இன்ஹேலர் பம்ப்பை அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். வாயில் பம்ப்பு வைத்தால் ஆள் முடிந்தார் என்று தெரு கணக்குப் போட்ட காலம் அது. நடுத்தெருவில் நின்று மூச்சு வாங்குவது அதைவிட அவமானம். வெளியே போவதையே நிறுத்திக்கொண்டு ஜன்னலோடு உட்கார்ந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து என் அக்காவுக்கு ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து நல்ல வரன் வந்தது. "பொண்ணோட அப்பா சீக்காளின்னு தெரிஞ்சா ஜாதகம் பொருந்தலைன்னு சொல்லிடுவாங்க" என்று அப்பா புலம்பினார்.

டாக்டர் மறுபடியும் அளவெடுக்க வந்தார். அப்பாவைத் தெருவில் நடக்கவைத்து, எங்கெங்கே மூச்சு திணறுகிறது என்று பார்த்தார். வீடு திரும்பியதும், "உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் என்ன சார்?" என்றார்.

"ஒண்ணும் இல்லை."

"குறை சொல்றது!" என்றாள் அம்மா உள்ளிருந்து.

டாக்டரின் முகம் மலர்ந்தது. "பிரமாதம்! கிளம்பறதுக்கு முன்னாடி வீட்டுக்குள்ளேயே பம்ப்பு அடிச்சுக்குங்க. மூச்சு முட்டறதுக்குள்ள பக்கத்துல எந்தக் கடை இருக்கோ அங்க நில்லுங்க. ஒரே ஒரு வரி, ஒரு குறை. கடைக்காரன் பதில் சொல்லி முடிக்கறதுக்குள்ள உங்களுக்கு மூச்சு திரும்பிடும்."

இதெல்லாம் ஒரு வைத்தியமா என்று நான் சிரித்தேன். மறுநாளே அப்பா டீக்கடையில் நின்றார். "ஏம்ப்பா, டீயில பாலே தெரியலையே?"

"இன்னா சார், நேத்து வந்தவரு பாயசம் மாரி கீதுன்னாரு! பால்காரன் ஒரே பேஜார் பண்றான், நான் இன்னா பண்ண?" என்று மாஸ்டர் ஆரம்பித்து நீட்டி முழக்கினார். அப்பா சுகமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். போகப் போக, ரிட்டயர்டானதும் மனுஷனுக்கு வாய் நீண்டுவிட்டது என்று தெருவே பேசியது. அப்பாவுக்கு அதில் வருத்தமே இல்லை.

பெண் பார்க்க வந்தார்கள். பஜ்ஜி, சொஜ்ஜி முடிந்ததும் மாப்பிள்ளையின் அப்பா எழுந்து, "வாங்களேன், பஸ் ஸ்டாப் வரைக்கும் காலாற நடந்தே போகலாம்" என்றார். அம்மாவுக்கு முகம் வெளுத்தது. அப்பா அரிசி டப்பா பக்கம் போய்விட்டு வந்து, "நடக்கலாமே" என்றார்.

நானும் பின்னாலேயே போனேன். பழக்கடையில் வாழைப்பழம் காய் என்றார் அப்பா. சலூனில் கண்ணாடி அழுக்கு என்றார். டீக்கடைக்கு வந்தபோது ஒரு வரிக்குக்கூட மூச்சு இல்லை. வாய் திறக்கிறது, சத்தம் வரவில்லை. அக்காவின் கல்யாணம் அந்த இடத்தில் நின்றுவிட்டதென்றே நினைத்தேன்.

டீ மாஸ்டர் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தார். "இன்னா சார், இன்னிக்கு இன்னா குறை? பாலா, சக்கரையா? கிளாஸ் கழுவலையா? நீ சொல்லாத, நானே சொல்றேன்" என்று அவராகவே தன் கடையின் குறைகளை அடுக்க ஆரம்பித்தார். அப்பா தலையாட்டும்வரை நிறுத்தவில்லை.

பஸ் ஏறும் முன் மாப்பிள்ளையின் அப்பா என் காதில் சொன்னார்: "உங்கப்பாவுக்கு ஊர்ல செம செல்வாக்கு தம்பி! கடைக்குக் கடை பதில் சொல்றாங்களே!"

கல்யாணம் நடந்தது.

சில வருஷம் கழித்து, தொண்ணூறுகளில் ஒரு மே மாத வெயிலில், தாம்பரம் கடைத்தெருவில் டெய்லர் டாக்டரைப் பார்த்தேன். இளைத்திருந்தார். ஒரு கடையில் நின்று குடையை விரித்து மடக்கினார். நாலு கடை தள்ளி, பிளாஸ்டிக் பக்கெட்டைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இது அப்பாவின் நடையாயிற்றே என்று எனக்குச் சுருக்கென்றது.

பக்கத்தில் போய் நின்றேன். "இந்தக் கைப்பிடி..." என்று ஆரம்பித்தார். அதற்குமேல் வரவில்லை.

"அதை மட்டும் வாங்காதீங்க டாக்டர்! அக்கா வீட்ல இதே மாதிரிதான் ஒண்ணு வாங்கினாங்க..." என்று ஆரம்பித்தேன். கைப்பிடி, அடிப்பாகம், ஒழுகல், மூடி என்று வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேன். கடைக்காரர் என்னை முறைத்தார். டாக்டர் உதட்டைக் குவித்து, மெதுவாக ரசம் ஊதிக்கொண்டிருந்தார்.

அவர் தோள் இறங்கும்வரை நான் பக்கெட்டை விடவில்லை.