பதினாலுக்கு ஆயுத பூஜை

சேலம், நாமக்கல் ஜில்லாக்களில் கல்யாணமே ஆகாமல் பதினாலு பிள்ளைகளை வளர்த்த ஆண்பிள்ளை ஒருத்தன்தான். அதனால் அவன் பெயரே பதினாலு ஆகிவிட்டது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவனும் சேர்ந்து திரும்பிப் பார்ப்பான்.

பிள்ளைகள் என்று நான் சொன்னது கோல்ஃப் மட்டைகளை. ஒரு ஆட்டக்காரன் பையில் பதினாலு மட்டைக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அந்த விளையாட்டின் சட்டம். தூரமாக அடிக்க ஒன்று, மணலில் மாட்டிய பந்தைக் கிளப்ப ஒன்று, கடைசியில் குழிக்குள் உருட்டிவிட ஒன்று என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு உத்தியோகம். மற்ற ஆட்டக்காரர்கள் அவற்றைச் சாமான் என்பார்கள். இவன் 'பசங்க' என்பான். வாடா போடா என்று அதட்டுவான், நன்றாக அடித்தால் தடவிக்கொடுப்பான்.

அவன் அப்பா திருச்செங்கோட்டில் ரிக் முதலாளி. போர் போடுகிற லாரிகளை வைத்துக்கொண்டு பாதி இந்தியாவுக்கு ஓட்டை போட்டவர். நானும் பதினாலும் சேலத்தில் கல்லூரி விடுதியில் ஒரே அறை. ஒரு லீவில், பெங்களூரில் ஏதோ கோல்ஃப் மைதானத்துப் புல்லுக்குத் தண்ணீர் இல்லை என்று கூப்பிட்டார்கள். இவனும் ரிக்கோடு போனான். போரில் தண்ணீர் வந்தது, ரிக் திரும்பி வந்தது, இவன் மட்டும் வரவில்லை. வந்தபோது தோளில் ஒரு பை தொங்கியது.

அந்தப் பையோடு நான் பட்ட பாடு கொஞ்சமா நஞ்சமா! நம்மூர் வெயிலில் காருக்குள் வைத்தால் பிடியை ஒட்டியிருக்கிற பசை இளகிவிடுமாம். ஆகவே அவன் போகிற இடத்துக்கெல்லாம் பையும் போகும். கல்யாணப் பந்தியில் பக்கத்து நாற்காலியில் அதை உட்கார வைத்தான். பரிமாறுகிறவர் அதற்கும் ஓர் இலையைப் போட்டு உப்பு வைத்துவிட்டுப் போனார். என் அக்கா மகள் ஞானஸ்நானத்துக்குக் கோயிலுக்குள் கொண்டுவந்து கடைசி பெஞ்சில் சாய்த்து வைத்தான். தீர்த்தம் தெளித்துக்கொண்டே வந்த எங்கள் பங்குச் சாமியார் அதற்கும் நாலு சொட்டு போட்டார். அன்றிலிருந்து எங்கள் மதத்தின்மேல் அவனுக்குத் தனி மரியாதை.

ராசிபுரத்தில் பெண் பார்க்கப் போனபோதும் பை வந்தது. பெண்ணின் மாமா மரியாதையாக, "சொட்டு நீர்ப் பைப்புங்களா?" என்று கேட்டார். கேட்டிருக்க வேண்டாம். இவன் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, அதன் குணம், கோபம், எந்தக் காற்றுக்கு எப்படி நடந்துகொள்ளும் என்று அறிமுகம் செய்ய ஆரம்பித்துவிட்டான். பாதிப் பையைத் தாண்டுவதற்குள் அந்தப் பெண் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு வந்தோம்.

இவ்வளவு கூத்துக்கும் அவன் நல்ல ஆட்டக்காரன். தொழிலாகவே ஆடினான். ஆனால் ஜெயிக்க மாட்டேன் என்கிறான்! ரெண்டாவது வருவான், நாலாவது வருவான், முதலில் மட்டும் வர மாட்டான். அவன் அப்பா பெரியவருக்குப் பொறுமை போய்விட்டது. மகன் குச்சியை வைத்துக்கொண்டு புல்லில் நடப்பது ஒரு தொழிலா என்பது அவர் கேள்வி. அந்த மட்டைகளை அவர் கையால் தொட்டதே இல்லை. கடைசியாக ஒரு முடிவு சொன்னார். இந்த வருஷம் நம்ம பக்கத்திலேயே நடக்கிற போட்டியில் ஜெயித்தால் ஆயுசுக்கும் ஆடட்டும், கேட்க மாட்டார். தோற்றால் விஜயதசமிக் காலையில் புது ரிக்கோடு சத்தீஸ்கருக்கு மேனேஜராகக் கிளம்ப வேண்டும். சரிங்கப்பா என்று இவனும் வாக்குக் கொடுத்துவிட்டான். அந்த வீட்டில் வாக்கு என்றால் வாக்குதான்.

போட்டி நடந்த இடம் நாமகிரிப்பேட்டை தாண்டி, மஞ்சக்காடுகளுக்கு நடுவே ஒரு மில் முதலாளி ஆசைப்பட்டுப் போட்ட மைதானம். நாலு நாள் ஆட்டம். மூன்றாம் நாள் முடிவில் நம்மாள் மூன்று அடி முன்னால் இருந்தான். குறைந்த அடியில் முடிக்கிறவன்தான் ஜெயிக்கிறவன், அவ்வளவுதான் கணக்கு. ஒரே ஒரு இடைஞ்சல், நாலாம் நாள் ஆயுத பூஜை. அவனுக்கு வழக்கமாகப் பை தூக்குகிற ஆள் சொந்தமாக மினி லாரி வைத்திருந்தார். வண்டியைக் கழுவிப் பொட்டு வைக்க வேண்டும் என்று ஊருக்குப் போய்விட்டார். பதினாலு எனக்குப் போன் செய்தான். "உங்க ஆளுங்களுக்கு நாளைக்கு ஒண்ணுமில்லயே மாப்ள, நீ வந்துரு" என்றான்.

விடிந்தும் விடியாமலும் அவன் வீட்டுக்குப் போனேன். ரிக் ஷெட்டில் வாழைமரம் கட்டி, ஆட்கள் எல்லோரும் குளித்து நிற்கிறார்கள். மகன் சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்று பெரியவர் அந்நேரத்துக்கே பூஜையை முடித்திருந்தார். துளைபோடும் பிட்டு, ஸ்பேனர், ஜாக்கி, கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். அதற்கு முன்னால் ஒரு புது ஜமுக்காளம் விரித்து, அதன்மேல் பதினாலு மட்டையும் வரிசையாகப் படுத்திருந்தன. ஒவ்வொன்றின் முகத்திலும் சந்தனம் அப்பி, நடுவே குங்குமப் பொட்டு.

எனக்குத் திக்கென்றது. பூஜையில் வைத்ததை அன்றைக்கு எடுக்கக் கூடாது. அடுத்த நாள்தான் எடுக்க வேண்டும். அந்த ஷெட்டில் ஆயுத பூஜையன்று ஒரு நட்டைக்கூட யாரும் முடுக்கியதில்லை. தலையைத் துவட்டிக்கொண்டு வந்த பதினாலு, ஜமுக்காளத்தைப் பார்த்து அப்படியே நின்றான். துண்டு தலைமேலேயே இருந்தது. ஆட்கள் எல்லோரும் அவன் முகத்தையே பார்த்தார்கள்.

பெரியவர் மட்டும் சந்தோஷமாக இருந்தார். "நானே பொட்டு வெச்சுட்டேன் சாமி. அங்க ஸ்பேர் செட்டு இருக்குமில்ல?" என்று கேட்டார்.

ரிக் தொழிலில் ஸ்பேர் செட் இல்லாமல் ஒரு வண்டியும் ஊர் எல்லையைத் தாண்டாது. மகனின் தொழிலும் அப்படித்தான் என்று மனுஷன் நினைத்துவிட்டார்.

"இருக்குதுங்கப்பா" என்றான் பதினாலு. கீழே விழுந்து கும்பிட்டான். காலிப் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

காரில் ஏறியதும் நான் கத்தினேன். உனக்குப் பைத்தியமா, திரும்பிப் போய் எடுத்துக்கொண்டு வா, வழியில் துடைத்துக்கொள்ளலாம், தோற்றால் நாளைக்கு சத்தீஸ்கர், தெரியுமா தெரியாதா என்று ஆண்டகலூர்கேட் வரை விடாமல் திட்டினேன். அவன் வெளியே பார்த்துக்கொண்டே வந்தான்.

"எங்கப்பன் இந்நாள் வரைக்கும் அதைத் தொட்டதில்ல மாப்ள. இன்னிக்குத் தொட்டுப் பொட்டு வெச்சிருக்காரு. அதைப் போயி நான் தொடைக்கறதா?" என்றான்.

வண்டியை விரட்டினேன்.

மைதானத்தில் விருந்தாளிகளுக்கு மட்டை வாடகைக்கு விடும் அறை ஒன்று உண்டு. அங்கே ஓடினோம். உள்ளே ஊதுபத்தி வாசனை! அத்தனை மட்டையும் சுவரோரம் சந்தனப் பொட்டோடு நிற்கிறது. அறையைப் பார்த்துக்கொள்கிறவர் எங்களுக்குப் பொரியும் பொட்டுக்கடலையும் கொடுத்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நல்லவேளை, ஆத்தூரிலிருந்து வந்திருந்த ஒரு விருந்தாளி முந்தின நாள் எடுத்த மட்டைகளைக் காரிலேயே மறந்துவிட்டு, அப்போதுதான் திருப்பிக் கொடுக்க வந்தார். பூஜைக்குத் தப்பியது அந்த ஒரு பைதான். அதில் இருந்தது ஏழு மட்டை. தூர அடிக்கிற மட்டையின் மண்டைக்குள் ஏதோ கிலுகிலுத்தது. குழிக்குள் உருட்டும் மட்டை குழந்தைகளுக்கானது.

சொந்த மட்டையை நான் தொட்டாலே துடைக்கிறவன், ஊரார் கைபட்ட ஏழையும் வாங்கிக் கும்பிட்டான். வேடிக்கை என்னவென்றால், தன் பசங்களை வாடா போடா என்கிறவன் இவற்றுக்கு மரியாதை கொடுத்துப் பேச ஆரம்பித்தான். ஏனென்று கேட்டேன். அவை நம்மூட்டு ஆளுங்க இல்லையாம், ஒத்தாசைக்கு வந்தவங்களாம்.

முதல் குழியிலேயே அந்தக் கிலுகிலுப்பையை வீசினான். பந்து வேலியைத் தாண்டி மஞ்சக்காட்டுக்குள் போய்த் தொலைந்தது. ரெண்டு அடி நஷ்டம். கூட ஆடிய பெங்களூர்க்காரர் பையில் இல்லாத விளம்பரம் இல்லை. அவர் ஒவ்வொரு மட்டையையும் உறை கழற்றி எடுக்கிற அழகைப் பார்த்தே எனக்கு வயிறு எரிந்தது. பாதி ஆட்டம் முடிவதற்குள் நம்மாள் ரெண்டு அடி பின்னால் போய்விட்டான். சத்தீஸ்கர் வெயிலில் இவன் தலையில் துண்டோடு நிற்கிற காட்சி எனக்குக் கண்முன் வந்து வந்து போனது.

அதன்பிறகு அவன் ஒரு காரியம் செய்தான். தூர அடிக்கிற மட்டையை எடுக்கவே இல்லை. நடுத்தர மட்டையாலேயே பக்கத்தில் பக்கத்தில் அடித்து, நேர்கோட்டில் போனான். ஒவ்வொரு அடிக்கும் முன்னால் குனிந்து, "ஏனுங்க, கொஞ்சம் நேராப் போனீங்கன்னா நல்லாருக்குமுங்க" என்று சொல்லுவான். நேராகத்தான் போனது. பெங்களூர்க்காரருக்கோ இந்தப் பேச்சு காதில் விழுந்து விழுந்து நிதானம் போய்விட்டது. இன்னும் தூரம், இன்னும் தூரம் என்று வீசி, அவரும் ஒரு பந்தை மஞ்சளுக்குக் கொடுத்தார். கடைசிக் குழிக்கு வரும்போது இருவரும் சமம்.

அந்தக் கடைசிக் குழிக்கு முன்னால் ஒரு குட்டை. தூறல் வேறு ஆரம்பித்துவிட்டது. பெங்களூர்க்காரரின் பந்து குட்டையைத் தாண்டி நல்ல இடத்தில் உட்கார்ந்துவிட்டது. இவன் ஏழாம் நம்பர் என்று பொறித்த அந்த நடுத்தர மட்டையை எடுத்தான். பிடி தேய்ந்து, மழையில் நனைந்து, விலாங்கு மீனாக வழுக்கியது. ரெண்டு தடவை ஓங்கிப் பார்த்து நிறுத்திவிட்டான். பிறகு என்னிடம் கைக்குட்டை கேட்டான். கொடுத்தேன். அதைப் பிடிமேல் சுற்றினான்.

உடனே எதிராளியின் பை தூக்கி, இது சட்டப்படி செல்லுமா என்று கேட்டுவிட்டார். நடுவர் கையை உயர்த்தி ஆட்டத்தை நிறுத்தினார். சட்டப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். குடைக்குள் நின்று நிதானமாகப் புரட்டினார். சட்டைக்குள் இருந்த ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு நான் மங்கள வார்த்தை ஜெபத்தை ஆரம்பித்தேன், பாதியில் மறந்தேன், மறுபடி ஆரம்பித்தேன். கடைசியில் அவர் நிமிர்ந்து, கைக்குட்டை சுற்றலாம், சட்டம் இருக்கிறது என்றார். அந்த மனுஷன் கையை எடுத்து முத்தமிடலாம் போல இருந்தது.

பதினாலு அடித்தான். பந்து மேலே போய், குட்டையின் அக்கரைக் கல்லை உரசுகிற மாதிரி இறங்கி, புல்லில் உருண்டு, குழிக்கு ஒரு கட்டில் நீளத்துக்கு முன்னால் நின்றது. பெங்களூர்க்காரர் உருட்டிய பந்து குழியின் விளிம்பைச் சுற்றிவிட்டு வெளியே நின்றது. அவர் இன்னொரு தட்டுத் தட்டி முடித்தார். இனி இவன் ஒரே உருட்டில் போட்டால் ஜெயம்.

குழந்தை மட்டையைப் பிடித்து, நாற்று நடுகிறவர் மாதிரி முதுகை வளைத்துக் குனிந்தான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். "கடைசி ஒத்தாசைங்க" என்று அவன் குரல் கேட்டது. ஒரு சின்ன டக். அப்புறம் ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாத நேரத்தில் எனக்குப் பத்து வயசு கூடிவிட்டது. பிறகுதான் குழிக்குள் பந்து விழுந்த சத்தம்.

கோப்பை வாங்க மேடைக்குக் கூப்பிடுகிறார்கள், இவனைக் காணோம். தேடிப் போனால், வாடகை அறையில் தன் சட்டையைக் கழற்றி ஏழு மட்டையையும் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருக்கிறான். நான் கட்டிப்பிடித்து அழுதேன். அவன், ஈரத்தோடு திருப்பிக் கொடுத்தால் தப்பு மாப்ள என்றான்.

ரெண்டு நாள் கழித்து ஒரு கோல்ஃப் பத்திரிகையிலிருந்து போன். ஜெயித்தவர் பையில் என்னென்ன மட்டை, என்ன கம்பெனி, என்ன எடை என்று படத்தோடு போடுவது அவர்கள் வழக்கமாம். இவன் யோசித்துவிட்டு, அவங்க பேரெல்லாம் தெரியாதுங்க, வாடகைக்கு வந்தவங்க என்றான். கிண்டல் செய்கிறான் என்று நினைத்து அவர்கள் வைத்துவிட்டார்கள். ஆனால் நம்மூர்த் தினசரி ஒன்று விசாரித்து முழுக் கதையையும் போட்டுவிட்டது.

அது வெளிவந்த அன்று நான் சேலத்தில் ஆபீசில் இருந்தேன். பெரியவர் கூப்பிட்டார். புது ரிக் விஜயதசமியன்றே வேறு மேனேஜரோடு கிளம்பிப் போயிருந்தது.

"ஏனுங்க தம்பி, அங்க ஸ்பேர் செட்டே கிடையாதுங்களா?"

கிடையாதுங்க என்றேன். அப்புறம் ஏன் அவன் இருக்கிறது என்று சொன்னான் என்று கேட்டார். காரில் அவன் சொன்னதை அப்படியே சொன்னேன். அந்தப் பக்கம் அவர் பேப்பரை மடிக்கிற சத்தம் கேட்டது.

"அடுத்த ஆட்டம் எப்பங்க? அங்க பேசப்படாது, கைதட்டப்படாதுன்னு பேப்பர்ல போட்டிருக்குது. நான் ஓரமா நின்னுக்கறனுங்க. வந்தா விடுவாங்களா?"

நானே வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். போனை வைத்த பிறகு, அந்தக் கிறுக்கனை நினைத்து ஆபீசில் எல்லோர் முன்னாலும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.