காணாமல் போகத் தெரிந்தவர்

பதினோரு மணிக்கு நழுவிவிடுவது என்று தபால்காரர் முடிவெடுத்துவிட்டார். பக்கத்து வீட்டுத் தையல்காரர் சீட்டுக்கட்டோடு காத்திருப்பார். மகளின் ரோபோ போட்டியைப் பார்க்க ஐநூறு பேர் வந்திருந்தார்கள். ஒரு தலை குறைந்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

"கடைசிச் சுற்று ஆரம்பிக்கப்போகுது. இதுல தோத்தா நம்ம பொண்ணோட டீம் அவுட்," என்றாள் மனைவி.

"கண் கொட்டாம பாக்கறேன். பாத்ரூம் மட்டும் போயிட்டு வந்துடறேன்."

"நிதானமா போயிட்டு வாங்க."

இவ்வளவு சுலபமாக அவள் விட்டதே கிடையாது. அதை யோசிக்காமல் மனிதர் நடையைக் கட்டினார்.

கதவு சாத்தியதும் கூடத்துச் சத்தம் அப்படியே அறுந்துபோனது. நீளமான தாழ்வாரம். இரண்டு பக்கமும் பூட்டிய வகுப்பறைகள். பாதி தூரம் போயிருப்பார், பின்னால் 'கிர்ர்' என்று சின்னச் சக்கரச் சத்தம். நின்றார். அதுவும் நின்றது. திரும்பினார். யாரும் இல்லை.

வேகமாக நடந்து மூலை திரும்பினார். சத்தமும் திரும்பியது. முழங்கால் உயரத்தில் ஏதோ ஒன்று, ஒற்றைச் சிவப்பு விளக்கோடு நின்று, மெதுவாகக் கழுத்தை உயர்த்தி அவர் முகத்தைப் பார்த்தது.

"எங்க கிளம்பிட்டீங்க?"

மனைவியின் குரல்! மூலையில் இருந்த சன்னல் கண்ணாடி வழியாகக் கூடத்தை எட்டிப் பார்த்தார். அவள் வாயை மூடிக்கொண்டு அதே நாற்காலியில்தான் இருந்தாள்.

ஓடினார். பழைய மேசைகள் அடுக்கிய அறைக்குள் புகுந்து, மூச்சை அடக்கி நின்றார். கதவு தானாக, அங்குலம் அங்குலமாகத் திறந்தது. சிவப்பு வெளிச்சம் தரையில் ஊர்ந்து வந்து அவர் செருப்பில் ஏறியது.

"கால் தெரியுது. வெளில வாங்க."

"ஐயோ!" என்று அலறிக்கொண்டே வெளியே வந்தார்.

வாசலில் மகள் குதித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கடிகாரத்தோடு நடுவர். பின்னாலேயே மனைவியும் வந்து சேர்ந்தாள்.

"நாலே நிமிஷம்! நாமதான் முதல், அப்பா!"

கூட்டத்தில் தொலைந்தவரைக் கண்டுபிடிப்பதுதான் கடைசிச் சுற்றாம். தொலைபவராக அவர் பெயரைக் கொடுத்தது மனைவி. குரலைப் பதிந்து தந்ததும் அவள். ரோபோ அவரை அடையாளம் பழக இருநூறு போட்டோ எடுத்துக் கொடுத்ததும் அவளே. பாதிக்கு மேல் முதுகுப் பக்கம்.

மகள் ஜெயித்த சந்தோஷத்தில் அவருக்குக் கண் கலங்கியது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"மத்த டீம் ஆளுங்க எல்லாம் சும்மா நாற்காலிக்குப் பின்னால உக்காந்துட்டாங்க. இவர் நிஜமாவே ஓடினாரே! எவ்ளோ நாள் பயிற்சி?" என்று வியந்தார் நடுவர்.

மனைவி அடக்கமாகச் சொன்னாள்: "ரோபோவுக்கு ஒரு மாசம், சார். இவருக்கு இருபது வருஷம்."