முதல் பெஞ்சுக்குக் கர்சீப் போட்டவர்

பள்ளிக்கூடத்தையும் டவுன் பஸ்ஸையும் ஒன்றாக நினைத்த ஒரே மனுஷி, இந்தக் கோயமுத்தூர் ஜில்லாவிலேயே எங்கள் கர்சீப் அக்காதான். இன்னொருத்தர் இருக்கிறார் என்று யாராவது சொன்னால் அவரை நான் நேரில் பார்க்க வேண்டும். பார்த்துத் திட்ட வேண்டும்.

ஜூன் மாதம் பள்ளி திறக்கிற அன்றைக்கு மற்ற அம்மாக்கள் என்ன செய்வார்கள்? பிள்ளைக்குத் தலை சீவி, திருநீறு வைத்து, புது ஷூ கடிக்கிறது என்று சிணுங்கினால் உள்ளே கொஞ்சம் பஞ்சு வைத்து, எட்டரை மணிக்குக் கொண்டுவந்து விடுவார்கள். அக்கா ஆறே முக்காலுக்கு வருவார். பிள்ளை இல்லாமல் வருவார். வகுப்பறைக் கதவு பூட்டியிருக்கும், ஜன்னல் திறந்திருக்கும். கம்பிக்குள் கையை விட்டு, ஒரு கண்ணை மூடிக் குறி பார்த்து, முதல் பெஞ்சில் விழுகிற மாதிரி கர்சீப்பை வீசுவார். பிறகு சாவகாசமாக வீட்டுக்குப் போய் இட்லி ஊற்றி, அப்புறம்தான் பிள்ளையை எழுப்புவார். திரும்பி வரும்போது அந்த இடத்தில் வேறு குழந்தை உட்கார்ந்திருந்தால் விசாரணை நடக்கும்.

"ஏங்கண்ணு, இங்கெ கர்சீப்பு கெடந்துச்சல்லொ? பாக்கலியா?"

குழந்தை பயந்துபோய் எழுந்துவிடும். பத்து வயதில் அதற்குப் பஸ் சட்டமெல்லாம் எங்கே தெரியப்போகிறது?

அவருடைய நிஜப் பெயர் எங்கள் ஸ்கூல் கேட்டில் நிற்கிற எந்த அம்மாவுக்கும் தெரியாது. என் போனிலும் 'கர்சீப் அக்கா' என்றுதான் இருக்கிறது. வீட்டுக்காரர் சிங்காநல்லூரில் லேத் பட்டறை வைத்திருந்தார். மூத்தவன் ஒருவன், இளையவள் தர்ஷினி. தர்ஷினியும் என் மகள் யாழினியும் ஒரே வகுப்பு. அதனால்தான் நான் இந்தப் பாடு பட்டேன்.

நாங்கள் பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து சிங்காநல்லூருக்கு வீடு மாறி வந்து, யாழினியை ஆறாம் வகுப்பில் சேர்த்த வருஷம் அது. பள்ளி திறந்த அன்று கேட் ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். ஒரு அம்மாள் நேராக என்னிடம் வந்தார்.

"ஏனுங்க, புதுசுங்களா? நீங்க போடலீங்களா?"

"எதைங்க?"

"கர்சீப்பைத்தானுங்க."

"இது ஸ்கூலுங்க. பஸ் இல்லீங்க."

"எங்கிருந்தாலும் சீட்டு சீட்டுத்தானுங்களே" என்று என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போனார். நான் ஒரு பம்ப் கம்பெனி ஆபீஸில் பதினான்கு பேரை மேய்க்கிறவள். என்னைப் பார்த்து ஒரு ஆள் பரிதாபப்படுவதா? அன்றைக்கே அந்த அம்மாளை எனக்குப் பிடிக்காமல் போயிற்று.

அவருக்குச் சொந்த ஊர் சோமனூர். கல்யாணத்துக்கு முன்னால் ஏழு வருஷம், காலையில் சோமனூரில் ஏறிக் காந்திபுரத்தில் இறங்கி ஒரு ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போனவர். "ஏழு வருசத்துல ஒரு நாள் நின்னுட்டு வந்ததில்லீங்க" என்று அவர் சொல்லும்போது முகத்தைப் பார்க்க வேண்டும். பட்டாளத்தில் மெடல் வாங்கியவர்கள்கூட இத்தனை பெருமை அடிக்க மாட்டார்கள். ஒருமுறை அவர் வீசிய கர்சீப் டிரைவர் சீட்டிலேயே விழுந்துவிட்டதாம். "எந்திரிங்க, நான் போட்ட சீட்டுன்னு சொன்னனுங்க. அந்த மனுசன் சிரிச்சுச் சிரிச்சு வண்டியெடுக்கப் பத்து நிமிசமாயிப்போச்சுங்க" என்றார். இதையெல்லாம் வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னால் மன்னிக்கலாம். அவர் விரல் விட்டு எண்ணிக்கொண்டு சொன்னார்.

கர்சீப்போடு நின்றதா என்றால் அதுவும் இல்லை. ஆண்டு விழாவுக்குப் பெட்ஷீட் கொண்டுவந்து ஒரு வரிசை முழுக்க விரித்தார். யாருக்கு என்று கேட்டால், "எங்க அத்தை வாராங்க" என்றார். அந்த அத்தை சோமனூரிலிருந்து மூன்று மணி நேரமாக வந்துகொண்டே இருந்தார். கடைசி டான்ஸ் முடிந்து நன்றியுரையும் முடிந்தது, அத்தை வந்து சேரவில்லை. நாங்களெல்லாம் ஓரமாக நின்றே விழா பார்த்தோம். பெட்ஷீட் சௌகரியமாக உட்கார்ந்து பார்த்தது.

பெற்றோர் கூட்டத்துக்கு வந்தால், ரேஷன் கடையில் வைக்கிற மாதிரி வரிசையில் செருப்பை வைத்துவிட்டு வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்துகொள்வார். ஒருமுறை கிளாஸ் டீச்சர் தலை நிமிராமல் "நெக்ஸ்ட்" என்றார். யாரும் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தால் வாசலில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. அந்தச் செருப்பைத் தாண்டி உள்ளே போக எங்களில் ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை என்பதுதான் வெட்கக்கேடு.

அவரை ஒரே ஒரு ஆள்தான் ஜெயித்தார், வகுப்பு கூட்டுகிற ஆயா. காலாண்டு லீவு முடிந்து திறந்த நாளில் முதல் பெஞ்சில் கிடந்த கர்சீப்பை எடுத்து, அதாலேயே அத்தனை பெஞ்சையும் துடைத்து, கரும்பலகையையும் துடைத்து, ஜன்னலில் காயப் போட்டுவிட்டார். அக்கா வந்து பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு கத்தினார். "ஏனாயா, ஒரு சீட்டுக்குப் போட்டா நீ ஊரு சீட்டையெல்லாம் தொடச்சுபோட்டியே!" ஆயா அசரவில்லை. "அப்ப எல்லாச் சீட்டும் உன்றதுதான், போ" என்றார். அந்த ஆயாவுக்கு ஒரு மாலை போட வேண்டும் என்று அன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து இதையெல்லாம் நடித்துக் காட்டுவேன். ஒரு கண்ணை மூடிக் கர்சீப் வீசுவது, செருப்பு வைப்பது, அத்தைக்கு வழி பார்ப்பது எல்லாம் உண்டு. வீட்டுக்காரர் புரையேறச் சிரிப்பார். யாழினி மட்டும் சிரிக்க மாட்டாள். தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவாள்.

என்னுடைய பெரிய கவலையே அதுதான். பழைய ஸ்கூலில் வாய் ஓயாத பிள்ளை அவள். இங்கே வந்து சேர்ந்ததிலிருந்து பேச்சு நின்றுவிட்டது. "ஸ்கூல் எப்படி இருந்துச்சு?" என்றால் "ம்" என்பாள். "யார்கூட உக்காந்திருக்கே?" என்றால் அதுவும் இல்லை, எழுந்து போய்விடுவாள். வகுப்பில் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்ததில் இவள் ஒற்றையாக மிஞ்சி, கடைசி பெஞ்சில் சுவர் ஓரமாகப் போய்ச் சேர்ந்திருந்தாள். அரையாண்டுப் பரீட்சை முடிந்து நான் போய்க் கேட்டபோது, கிளாஸ் டீச்சர் ரிஜிஸ்தரைப் புரட்டியபடி, "யாழினியா... எந்த யாழினிங்க?" என்றார். ஆறு மாதம் தினமும் பெயர் கூப்பிட்டவர் கேட்ட கேள்வி இது. பிறகு, "போகப் போகப் பழகிக்குவாங்க மேடம்" என்றார். நானும் போகட்டும் என்று விட்டேன். முட்டாள்தனம்தான், வேறென்ன?

ஏழாம் வகுப்பு திறக்கிற நாளும் வந்தது. சில்லென்று காற்றும் தூறலும். யாழினி முந்தின நாளே வயிற்றுவலி என்றாள். வலி இல்லை என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இந்த வருஷமாவது பக்கத்தில் ஒரு பிள்ளை உட்கார வேண்டுமே என்று நினைத்துக்கொண்டேதான் கூட்டிப்போனேன். நோட்டீஸ் போர்டில் யாழினி ஏழு ஏ, தர்ஷினியும் ஏழு ஏ. அதைப் படித்து முடிக்கவில்லை, கேட்டிலிருந்து ஒரு குரல்.

"ஏனுங்க யாழினியம்மா! பாப்பாவுக்கும் சேத்துப் போட்டுட்டேனுங்க! ரெண்டு கர்சீப்பு!"

இருபது அம்மாக்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. இத்தனை நாள் யாரைப் பார்த்துச் சிரித்தேனோ, அவரோடு என்னையும் சேர்த்து ஊரே பார்க்கிறது.

"உங்களை யாருங்க போடச் சொன்னது? என் பொண்ணுக்கு இடம் பிடிக்க எனக்குத் தெரியாதா?" என்று கத்தினேன்.

அக்கா வாயைத் திறப்பதற்குள் பிரின்ஸிபால் மைக்கில் பேச ஆரம்பித்தார். இந்த வருஷத்திலிருந்து எல்லா வகுப்பிலும் வாரா வாரம் திங்கட்கிழமை பெஞ்ச் மாற்றப்படும், முதல் பெஞ்ச் கடைசிக்குப் போகும், மற்றவை ஒவ்வொன்றாக முன்னால் வரும், ஆகவே பெற்றோர்கள் யாரும் இடம் பிடிக்க வேண்டியதில்லை என்று அறிவித்தார். கடைசி வாக்கியத்தை யாரைப் பார்த்துச் சொன்னார் என்று எல்லோருக்கும் தெரியும். மொத்தக் கூட்டமும் சிரித்தது. எல்லோரையும் விட நான்தான் பலமாகச் சிரித்தேன்.

"அப்புறமென்னங்க, வாரா வாரம் ஆறே முக்காலுக்கு வந்து போடுவீங்களா?" என்றேன்.

அக்கா பக்கத்தில் வந்தார். அவருக்கும் மெதுவாகப் பேசத் தெரியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

"மாத்துவாங்கன்னு தெரியுமுங்க. எம்பையன் கிளாசுல போன வருசமே இப்படித்தானுங்க. பெஞ்சுதானுங்க மாறும், பக்கத்துல உக்கார்ற புள்ளை மாறாதுங்க. மொத நாளு யாருகூட உக்காருதோ, வருசம் பூரா அவகூடத்தான். அதுக்குத்தானுங்க போட்டேன்."

நான் நோட்டீஸ் போர்டைத் திரும்பிப் பார்த்தேன்.

"பாப்பா மத்தியானத்துல செவுத்தைப் பாத்துட்டே சாப்புடுதுன்னு தர்ஷினி சொன்னாளுங்க. எனக்கு மனசு கேக்கலீங்க. தப்புன்னா எடுத்துர்றேனுங்க."

சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறாள் என்பது எனக்குத் தெரியாது. தினமும் காலி டப்பாவைக் கழுவுகிறவள் நான்தான். சோறு மிச்சம் வைக்காமல் சாப்பிடுகிறாள் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தவளும் நான்தான். சிரித்த வாயை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"எடுக்க வேண்டாங்க" என்றேன்.

அன்று சாயங்காலம் யாழினி வீட்டுக்குள் வரும்போதே பேசிக்கொண்டு வந்தாள். முழுக்கத் தர்ஷினி மீது புகார். "அம்மா, அவ வாயே மூட மாட்டேங்கறாம்மா. என் பென்சிலைக் கேக்காமயே எடுக்கறா. எலுமிச்சங்காய் ஊறுகாயைத் தயிர்சாதத்துல பெசைஞ்சு எனக்கு ஊட்டி விடறா. மேத்ஸ் மிஸ் எங்க ரெண்டு பேரையும் எந்திரிச்சு நிக்கச் சொல்லிட்டாங்க!" வகுப்பில் பேசியதற்காக என் பெண்ணை நிற்க வைத்திருக்கிறார்கள். கல்லில் தோசை கரிந்துகொண்டிருந்தது. நான் அடுப்பை அணைக்காமல் கேட்டுக்கொண்டு நின்றேன்.

இதற்காக அக்காவுக்கு நன்றி சொன்னேனா? சொல்லவில்லை. எனக்கு வாய் அப்படி. நான்கு வருஷம், எந்த விழாவுக்குப் போனாலும் அவர் விரித்த பெட்ஷீட்டில் எனக்கும் ஓர் இடம் இருந்தது. அதில் உட்கார்ந்துகொண்டே அவரைக் கிண்டலும் பண்ணினேன். "நல்லாப் பேசறீங்க போங்க" என்று சிரித்துக்கொண்டே முறுக்கை நீட்டுவார்.

போன மே மாதம் அவர் வீட்டுக்காரர் பட்டறையைப் பெரியநாயக்கன்பாளையத்துக்கு மாற்றிவிட்டார். நாங்கள் விட்டு வந்த ஊருக்கே அவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். தர்ஷினியைப் பதினொன்றாம் வகுப்புக்கு அங்கேயே ஒரு ஸ்கூலில் போட்டார்கள். இந்த ஜூனில் யாழினி தனியாகப் பள்ளிக்குள் நடந்து போனாள். புது செக்ஷன், பாதிப் பிள்ளைகள் வேறு ஸ்கூலிலிருந்து வந்தவர்கள். "நீ போம்மா" என்று கை காட்டினாள். நான் போகவில்லை.

கேட்டில் ஒரு அம்மாள், "அப்பாடா, அந்தக் கர்சீப்புப் பைத்தியம் இந்த வருசம் இல்லீங்களாம்" என்று சிரித்தார். நான் உருவாக்கிய ஜோக், என் முன்னாலேயே.

"அவங்களை நான் சொல்லலாமுங்க. நீங்க சொல்லக் கூடாது" என்றேன். சொன்ன விதத்தில் அந்த அம்மாள் ஓர் அடி பின்னால் போனார்.

ஓரமாகப் போய் அக்காவுக்குப் போன் போட்டேன். "ஹலோ"கூடச் சொல்லவில்லை அவர்.

"பாப்பா பக்கத்துல யாருங்க உக்காந்திருக்கறது?"

"தெரியலீங்க. நான் கேட்டுல நிக்கறேன்."

"தெரியாம நின்னா? ஜன்னல்கிட்டப் போய்ப் பாருங்க!"

வாட்ச்மேன் "மேடம், மேடம்" என்று கத்தக் கத்தப் போய்ப் பார்த்தேன். மூன்றாவது பெஞ்ச். பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒரு புதுப் பெண், தலையைக் குனிந்துகொண்டு. யாழினிதான் பேசிக்கொண்டிருந்தாள், கையை ஆட்டி ஆட்டி. அப்படியே சொன்னேன். அந்தப் பக்கம் அக்கா பெருமூச்சு விட்டார்.

"தர்ஷினி பக்கத்துல யாருங்க?" என்று கேட்டேன்.

அந்தப் பக்கம் பஸ் ஹாரன் கேட்டது.

"தெரியலீங்க. இங்கெ பேரண்ட்ஸைக் கேட்டுக்குள்ளயே உடமாட்டேங்கறாங்க. ஆறே முக்காலுக்கே வந்தனுங்க. இன்னும் வெளியதான் நிக்கறேன்."

"தர்ஷினிக்கு என்னங்க கவலை? பக்கத்துல உக்கார்ற புள்ளைதானுங்க பாவம்" என்றேன். அக்கா சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்று, மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"நீங்க இல்லாம இங்கெ நல்லாவே இல்லீங்கக்கா" என்றேன்.

பெல் அடிக்கிற வரைக்கும் இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.