ஈரம் போக எவ்வளவு?

உலகத்திலேயே சுலபமான வேலை, டப்பாவின் மேல் போட்டிருக்கும் படத்தை நம்புவது. கஷ்டமான வேலை, அதன் பின்பக்கம் இருக்கும் பொடி எழுத்தைப் படிப்பது. நான் சுலபமான வேலைகளைத் தேடிப் போகிறவன். வளைத்துப் பேசுவானேன், சோம்பேறி.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. மரக்காணத்தில் எங்கள் தெருக் கபடி அணியின் ரெய்டர். (எதிரணிக்குள் பாடிப் போய், பெரும்பாலும் முழு உடம்போடு திரும்புகிறவன்.) நாங்கள் ஆடியது அறுபது கிலோ ஆட்டம். நூறு கிராம் கூடினாலும் உள்ளே விடமாட்டார்கள். என் எடை ஐம்பத்தொன்பதரை.

கேப்டன் தேசிங்குவுக்கு கத்தார் விசா வந்திருந்தது. போட்டி முடிந்த மறுநாள் ஃப்ளைட். இரண்டு வருஷமாக இறுதி ஆட்டத்தில் கிளியனூர் அணியிடம் தோற்ற வயிற்றெரிச்சல் அவனுக்கு. "ஒரே ஒரு கப்புடா. அத டிவி பக்கத்துல வச்சிட்டுதான் ஏர்போர்ட்டுக்குக் கெளம்புவேன்" என்றான். அவன் அம்மா இடத்தைத் துடைத்தே வைத்துவிட்டார். அணியில் இருந்தது ஏழே பேர். மாற்று ஆள் கிடையாது.

அந்த ஏழு பேரில் ஒருவன்தான் யாருக்கும் சொல்லாமல் பலசாலி ஆகிவிட முடிவு செய்தான்.

ஜிம்மில் பழக்கமான ஒருவர் கிரியாட்டின் என்ற வெள்ளைப் பொடியைப் பற்றிச் சொன்னார். "மொத வாரம் தெனம் நாலு வேள தம்பி, அப்புறம் ஒரு வேள போதும்." வேறு ஏதேதோ கூடச் சொன்னார். 'பலம்' என்ற சொல்லுக்குப் பிறகு எனக்குக் காது கேட்கவில்லை. டப்பாவை பீரோவில் வேட்டிகளுக்கு அடியில் ஒளித்து வைத்துத் தின்றேன். வயிறு கடமுடா என்றது. பலம் உள்ளே இறங்கும் சத்தம் என்று நினைத்துக்கொண்டேன். ஆறாம் நாள் சட்டைக் கை இறுக்கியது. கண்ணாடியில் என்னைப் பார்த்து நானே "வாங்க சார்" என்றேன்.

போட்டியன்று காலை எடை பார்க்க உப்பு மூட்டை கட்டும் ஷெட்டிலிருந்து தராசு வந்தது. தராசோடு என் அக்கா செல்வியும் வந்தாள். அங்கே மூட்டை நிறுப்பது அவள்தான். தராசைத் தனியாக எங்கேயும் அனுப்பமாட்டாள்.

ஏறி நின்றேன்.

"அறுவத்தி ஒன்னு எண்ணூறு" என்றாள். அப்புறம் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஏன்டா, மழையில நனஞ்ச மூட்ட மாதிரி இருக்குற?"

தேசிங்கு அவள் காதருகே குனிந்தான். "அக்கா, கொஞ்சம் பாத்து சொல்லுக்கா."

"பாத்துதான்டா சொன்னேன். மூட்டைக்கே பொய் சொன்னதில்ல, இவனுக்கா சொல்லப் போறேன்?"

நடுவர் ஒரு மணி நேரம் கொடுத்தார். தேசிங்கு என்னைத் திட்டவில்லை, "எப்புட்றா?" என்று மட்டும் கேட்டான். சொன்னேன். அவன் முகம் போன போக்கை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

முதலில் மொட்டை அடித்தார்கள். (முடி நூறு கிராம்கூட வராது என்பது அன்று நான் கற்ற பாடம்.) பிறகு வியர்த்து எடை இறங்கட்டும் என்று பைக் மழைக்கோட்டை நானே மாட்டிக்கொண்டு, மே மாத வெயிலில் உப்பள வரப்பில் ஓடினேன். ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. நாலாவது சுற்றில் கெண்டைக்கால் பிடித்து இழுத்தது. கண் இருட்டியது. முட்டி தேய உப்புப் பாத்திக்குள் குப்புற விழுந்தேன். காயத்தில் உப்பு பட்டால் எப்படி இருக்கும் என்று எழுத்தில் சொல்ல முடியாது. அன்று சத்தமாகச் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் சலைன் ஏற்றினார்கள். அதுவரை அழுதுகொண்டிருந்த அக்கா பாட்டிலைப் பார்த்து, "அது இன்னா டாக்டர்?" என்றாள்.

"உப்புத் தண்ணிதாம்மா."

"சரியாப் போச்சு. இன்னும் ஏத்துங்க."

டாக்டரம்மா என்னிடம் நிதானமாகப் பேசினார். "அந்தப் பொடி விஷமில்லப்பா. நல்லா இருக்கறவங்க அளவோட எடுத்தா பெரும்பாலும் ஒன்னும் பண்ணாது. கிட்னி கோளாறு இருந்தா மட்டும் எங்களக் கேக்காம தொடக்கூடாது. ரத்தம் டெஸ்ட் பண்ணும்போதும் சாப்புடறேன்னு சொல்லிடணும், இல்லனா ரிப்போர்ட்டப் பாத்து நாங்க பயந்துடுவோம். அது சதையில தண்ணியப் புடிச்சு வைக்கும், எடை ஏறும். அவ்ளோதான். உன்னக் கொல்லப் பாத்தது பொடியில்ல, மழைக்கோட்டு."

அக்கா தலையாட்டினாள். "மழக்காலத்துல உப்பு ஈரம் குடிச்சா மூட்ட எடை ஏறும், உள்ள உப்பு ஏறாது. ஷெட்டுல அந்த ஈரத்தக் கழிச்சு, ஈரம் போக எவ்ளோன்னு கேப்போம். அதேதான் இதுவும்." நான் அறுநூறு ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கிய அறிவு அவளிடம் சும்மா கிடந்திருக்கிறது.

ஆறு பேரோடு ஆடினார்கள். ஒரு பாயிண்டில் தோற்றார்கள். முட்டியில் மண்ணோடு வந்து என் கட்டில் ஓரம் உட்கார்ந்த தேசிங்கு, "தண்ணி குடிச்சியாடா?" என்று கேட்டான். மறுநாள் ஃப்ளைட் ஏறினான். அதுதான் அவன் ஆடிய கடைசி ஆட்டம். திட்டியிருந்தால் அன்றோடு போயிருக்கும். அந்தத் தண்ணீர்தான் இன்னும் எனக்குள் நிற்கிறது.

முதல் லீவுக்கு வந்தவன் எல்லாருக்கும் சென்ட் பாட்டில் கொடுத்தான். எனக்கு ஒன்றுமில்லை. வீட்டுக்கு வரச் சொன்னான். போனேன். டிவி பக்கத்தில், அவன் அம்மா கப்புக்காகத் துடைத்து வைத்த இடத்தில், ஒரு டிஜிட்டல் எடை மெஷின் சாய்ந்து நின்றது.

"நம்ம கப்புடா" என்றான். "ஏறு."

இப்போதும் அந்த வீட்டில் நான் அதில் ஏறி இறங்காமல் காபி வராது. சென்ற வாரம் எழுபத்து நாலு காட்டியது. தேசிங்குவின் அம்மா சத்தமாகப் படித்தார். என் பின்னாலேயே வந்த அக்கா வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்:

"ஈரம் போக எவ்ளோ?"