எனக்கு மட்டும் ஒத்துக்காது

மனிதர்களில் ‘ஒத்துக்காதவர்’ என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள், பார்க்காமல் தப்பித்திருக்க வழியே இல்லை. புதிதாகப் பெயின்ட் அடித்த அறைக்குள் வந்தால் வாடை ஒத்துக்காது, அடிக்காத அறையில் தூசி ஒத்துக்காது, மின்விசிறி சுற்றினால் தும்மல், நிறுத்தினால் வேர்க்குரு, ஜன்னலைத் திறந்தால் மூக்கு அடைப்பு, மூடினால் மூச்சு முட்டல் என்று நாள் முழுக்க ஏதாவது ஒன்று அவரைத் துரத்திக்கொண்டே இருக்கும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். துடைப்பம் ஒத்துக்காது, சோபா ஒத்துக்கும்.

இன்னோர் அடையாளமும் உண்டு. தனக்கு வந்தால் அது அலர்ஜி. அடுத்தவருக்கு வந்தால் வெறும் சொறி.

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவன். வருகிறவரின் ரத்தத்திலிருந்து வெள்ளணுக்களைப் பிரித்து, சின்னச் சின்னக் குழிகள் உள்ள தட்டில் போட்டு, ஒவ்வொரு குழியிலும் சந்தேகப்படும் பொருளில் ஒரு துளி விட்டு, உடம்புச் சூட்டிலேயே ஆறு நாள் வைத்திருப்பேன். ஒரு பொருளோடு ஏற்கெனவே பகை இருந்தால், அணுக்கள் அதை அடையாளம் கண்டுகொண்டு மளமளவென்று பெருகும். இல்லையென்றால் சும்மா கிடக்கும். அணுக்களுக்கு நடிக்கத் தெரியாது.

அப்படியொரு ஒத்துக்காதவர் ஒரு நாள் மனைவியோடு வந்தார். தோல் டாக்டர் முதலில் முதுகில் பிளாஸ்திரி ஒட்டி இரண்டு நாள் வைத்துப் பார்க்கலாம் என்றாராம். “பிளாஸ்திரியே எனக்கு ஒத்துக்காதே டாக்டர்!” என்று இவர் அலறியதில், விட்டால் போதும் என்று டாக்டர் இவரை என்னிடம் தள்ளிவிட்டார். கையில் இரண்டு பக்கப் பட்டியல்.

“சோப்பு, சோப்புத்தூள், பாத்திரம் தேய்க்கிற பவுடர், ஒண்ணு விடாமப் போட்டுப் பாருங்க சார். தொட்டாலே பத்திக்கிட்டு எரியும்.”

“கடைசியா எப்ப சார் தொட்டீங்க?”

யோசித்தார். “கல்யாணத்துக்கு முன்னாடி.”

பட்டியலை வாங்கும்போதுதான் பக்கத்தில் நின்ற அவர் மனைவியின் கையைப் பார்த்தேன். விரல்களெல்லாம் வெடித்து, இரண்டு விரலில் துணி சுற்றியிருந்தது. துணியில் ரத்தம்.

“என்னம்மா இது?”

அந்த அம்மா வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார். “அவளுக்கு ஒண்ணுமில்ல சார். தண்ணியில ஊறினா அப்படித்தான். கொஞ்சம் எண்ணெய் தடவினாச் சரியாப் போயிடும்.”

அந்த அம்மா பையிலிருந்து மடித்து வைத்த சீட்டை எடுத்து நீட்டினார். “டாக்டர் எனக்கும் இந்த ரத்த டெஸ்ட் எழுதிக் குடுத்திருக்காரு. பிளாஸ்திரி ஒட்டிக்கிட்டு மூணு தடவை வர எனக்கு நேரமில்ல. நான் தையல்காரி. மாசக் கடைசிக்குள்ள நாப்பது ஸ்கூல் யூனிஃபார்ம் குடுக்கணும், எல்லாம் வெள்ளைத் துணி. ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் திருப்பி அனுப்பிடுவாங்க. அப்புறம் யாரு எனக்கு வேலை குடுப்பாங்க?”

“ஒரு சின்ன வெடிப்புக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?” என்றார், இரண்டு பக்கப் பட்டியல்காரர்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அடக்கிக்கொண்டு, அவருக்கு மட்டும் ஊசியைக் கொஞ்சம் நிதானமாகவே குத்தினேன். இறுக மூடிய கண்ணை, பஞ்சு வைத்த பிறகும் திறக்கவில்லை. பஞ்சு ஒத்துக்காதாம்.

ஒரு வாரம் கழித்து முடிவு வாங்க இருவரும் வந்தார்கள். பட்டியலில் இருந்த எதற்கும் அவருடைய அணுக்கள் அசையவில்லை.

“செத்துப் போயிருக்கும் சார். நீங்க சரியா வச்சிருக்க மாட்டீங்க.”

“இல்ல சார். எந்த அணுவையும் உசுப்பி விடற மருந்து ஒண்ணு இருக்கு. அதைத் தனியா ஒரு குழியில போட்டிருந்தோம். அதுல உங்க அணு பிரமாதமாப் பெருகியிருக்கு. உங்க சோப்பைத்தான் அதுங்க கண்டுக்கவே இல்ல.”

“அப்ப என் உடம்பே எனக்கு எதிரா சாட்சி சொல்லுதா?” என்றார். பாவம், முகம் தொங்கிவிட்டது.

அடுத்து அந்த அம்மாவின் தாள். நிக்கல் விட்ட குழியில் அணுக்கள் பல மடங்கு பெருகியிருந்தன.

“நிக்கல்னா என்னங்க?”

“பளபளன்னு பூச்சு பூசின உலோகத்துல இருக்கும்மா. கத்தரிக்கோல் பிடியில இருக்கலாம்.”

அவர் பைக்குள் கைவிட்டு, ஊசி குத்தாமல் இருக்க விரலில் மாட்டுகிற உலோகத் தொப்பியை எடுத்து மேசைமேல் வைத்தார். “இது பத்து வருஷமா என் விரல்லதான் கிடக்கு.”

பத்து வருஷம்! அந்தப் பத்து வருஷமும் அதே வீட்டில்தான் நம்மவர் தன் தும்மல்களை எண்ணிக்கொண்டிருந்தார். தோல் டாக்டர் அந்த அம்மாவின் தாளையும் கையையும் பார்த்துவிட்டு, கத்தரிக்கோலைப் பிளாஸ்டிக் பிடி போட்டதாகவும் விரல் தொப்பியைத் தோலில் தைத்ததாகவும் மாற்றச் சொல்லி, களிம்பும் கொடுத்தார். புண் ஆறும்வரை சோப்பிலும் தண்ணீரிலும் கை வைக்கவே கூடாது என்றார். அப்படியானால் பாத்திரம் யார் தேய்ப்பது? வீட்டில் சோப்பு ஒத்துக்கொள்ளும் என்று எழுத்து மூலம் நிரூபணமான ஆள் ஒருவர்தானே!

அடுத்த மாதம் அந்த அம்மா தனியாக வந்தார். விரலில் துணி இல்லை. நாற்பது யூனிஃபார்மும் கறைபடாமல் போய்ச் சேர்ந்துவிட்டதாம்.

“சார் எப்படி இருக்காரு?”

“பாத்திரம் தேய்க்கிறாரு. முதல் நாள் சோப்பு ஒத்துக்கலைன்னாரு. நீங்க அவருக்குக் குடுத்த தாளைத் தொட்டிக்கு மேல சுவத்துல ஒட்டி வச்சிட்டேன்.”

“இப்ப?”

“இப்ப அந்தப் பேப்பர் ஒத்துக்கலையாம்.”

சிரிக்கிறீர்களா? நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போய் என் மனைவியின் கையைப் பார்க்கும்வரை சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் கையை நீங்கள் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? “அதெல்லாம் ஒண்ணுமில்ல” என்று கடைசியாக எப்போது சொன்னீர்கள்? சந்தேகம் இருந்தால் எங்கள் கூடத்துக்கு வாருங்கள். ஒரே ஒரு ஊசி, ஆறு நாள், தெரிந்துவிடும்.

என்ன, கையைப் பின்னால் இழுத்துக்கொள்கிறீர்கள்? ஊசி ஒத்துக்காதா?