பீற்றூட் பாத்தியில் ஒரு வேட்டைக்காரன்

என் வாழ்நாளில் நான் துப்பாக்கியால் சுட்டது ஒரேயொரு தடவை. குறிவைத்தது ஓர் எலிக்கு. காயப்பட்டது என் வலது புருவம். பிறை வடிவத் தழும்பு இன்னும் அப்படியே இருக்கிறது. நான் யாழ்ப்பாணத்து ஆள் என்று தெரிந்தவுடன் சிலர் குரலைத் தாழ்த்தி, "சண்டைக் காலத்திலையோ?" என்று கேட்பார்கள். நானும் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு தலையை ஆட்டிவிடுவதுண்டு. (ஆண்டவர் மன்னிப்பாராக.) உண்மையில் அது நோர்வேயில், லோறென்ஸ்கூக் என்ற ஊரில், எங்கள் வீட்டுக்குப் பின்னால், பீற்றூட் பாத்தியில் நடந்தது.

அந்த வருடம் என் மனைவி றெஜினாவுக்குப் புற்றுநோய் திரும்பி வந்திருந்தது. முதல் தடவை வந்தபோது டொக்டர்கள் நிறையக் கதைத்தார்கள். இரண்டாம் தடவை குறைவாகக் கதைத்தார்கள். அதிலிருந்தே எங்களுக்கு விளங்கிவிட்டது. மருந்து ஏற ஏற அவளுக்குச் சாப்பாடு பிடிக்காமல் போனது. எதை வாயில் வைத்தாலும் இரும்பு மாதிரி இருக்கிறது என்பாள். நான் சோறு, புட்டு, மீன் சொதி என்று மாறி மாறிச் சமைத்து, மாறி மாறித் திருப்பி எடுத்துக்கொண்டு வருவேன்.

ஒருநாள் அவளாகவே சொன்னாள்: "இஞ்சருங்கோ, பீற்றூட் கறி எண்டால் கொஞ்சம் தின்னலாம் போலை கிடக்கு. கடையிலை விக்கிறது வேண்டாம். நான் போட்டதிலை, வளர்ந்த உடனை."

மே மாதத்தில், தெம்பாக இருந்த ஒரு கிழமையில், அவள் தன் கையால் இரண்டு வரிசை விதைத்திருந்தாள். அன்றிலிருந்து என் உலகம் அந்த இரண்டு வரிசைக்குள் சுருங்கிவிட்டது. நோயை டொக்டர்மார் பார்த்துக்கொள்ளட்டும், பீற்றூட் என் பொறுப்பு என்று நினைத்துக்கொண்டேன். வேலைக்குப் போகமுன் ஒரு தடவை, வந்த பிறகு ஒரு தடவை போய்ப் பார்ப்பேன். எத்தனை நாளில் விளையும் என்று எழுதியிருந்த விதைப் பக்கற்றும் என் காற்சட்டைப் பைக்குள்ளேயே திரிந்தது. (தண்ணீர் ஊற்றி ஊற்றி நானே அழுக வைத்துவிடுவேன் என்று மகள் அனிற்றா என்னிடமிருந்து வாளியைப் பறித்து வைத்தாள்.)

ஜூலையில் ஒருநாள் காலை, நேற்றுவரை நிமிர்ந்து நின்ற ஒரு செடி சரிந்து கிடந்தது. இலையைப் பிடித்தேன். இலை மட்டும் கையோடு வந்தது. கீழே கிழங்கு இருந்த இடத்தில் ஒரு குழி. அடுத்த நாள் இன்னொன்று. நிலத்துக்குள் சுரங்கம் வெட்டி, வேரையும் கிழங்கையும் அடியிலிருந்தே தின்னும் ஒரு கொழுத்த எலி இங்கே உண்டு. நோர்வேக்காரர் அதை 'வொன்' என்பார்கள். பொறி வைத்தேன். அது பொறியை மண் போட்டு மூடிவிட்டுப் பக்கத்தால் புதுப்பாதை வெட்டியிருந்தது.

நான் பஸ் ஓட்டுபவன். எங்கள் ஓய்வறையில் ஆர்னே என்று ஒரு சக ஓட்டுநர் இருந்தான். இளமையில் அமெரிக்காவில் ஒரு மாமனின் பண்ணையில் இரண்டு வருடம் இருந்தவன். அங்கே கிறவுண்ட்ஹொக் என்று வயலெல்லாம் வளை தோண்டும் ஒரு குண்டு விலங்கு உண்டாம். அதை அவர்கள் தொலைநோக்கி பூட்டிய கைத்துப்பாக்கியால், நூறு மீற்றர் தள்ளிப் படுத்திருந்து சுடுவார்களாம். இந்தக் கதையை அவன் கோப்பிக்கு ஒரு தடவை என்ற கணக்கில் சொல்லுவான். மற்றவர்கள் எழும்பிப் போய்விடுவார்கள். அந்த ஜூலையில் நான் மட்டும் கதிரையை இழுத்துப் போட்டுக் கேட்டேன்.

"இங்கே கைத்துப்பாக்கியால் வேட்டையாட விடமாட்டார்கள். உன் எலிக்கு இன்னொரு பொறியை வை" என்றுதான் ஆர்னே சொன்னான். நல்ல மனிதன். ஆனால் நான் ஏற்கனவே காற்றுக் கைத்துப்பாக்கி விற்கும் கடையை மனத்துக்குள் கண்டுபிடித்துவிட்டேன். நீளக் குழல், மேலே ஒரு சின்னத் தொலைநோக்கி. பெட்டியைத் திறந்து மேசையில் வைத்தபோது அனிற்றா இரண்டடி பின்னுக்குப் போனாள்.

"அப்பா, உங்களுக்கு என்ன விசரே?"

சண்டைக் காலத்தில் ஊரில் இருந்தவரை துவக்கைத் தொடாமல், தொட்டவர்களுக்கும் தேடி வந்தவர்களுக்கும் ஒளித்து, கடல் கடந்து வந்த ஆள் நான். ஐம்பத்தைந்து வயதில், ஓர் எலிக்காக ஆயுதம் தூக்கினேன். அந்த எலிமேல் எனக்கு இருந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. இப்போது யோசித்தால் தெரிகிறது: றெஜினாவின் உடம்புக்குள் இருந்து தின்றுகொண்டிருந்ததை என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இதையாவது சுடலாம் என்று பார்த்தேன்.

சுடுவதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையைத் தெரிந்தெடுத்தேன். ஞாயிறன்று புல் வெட்டினாலே அயலவர்கள் யன்னல் திரையை விலக்கிப் பார்க்கும் ஊர் இது. (புத்தி இருந்தால் எதற்கு எலியோடு மல்லுக்கட்டுகிறேன்?) முதலில் சரிந்து கிடந்த நான்கைந்து செடிகளைக் கிளறிப் பார்த்தேன். எல்லாம் பாதி தின்ற கிழங்குகள். சாறு வழிந்து கையெல்லாம் சிவப்பு. அதைச் சட்டையிலே துடைத்துவிட்டு, பாத்தியின் ஓரத்தில் குப்புறப் படுத்தேன்.

ஒரு மணித்தியாலம் கழித்து அது தலையை நீட்டியது. கறுத்த, உருண்டைத் தலை. அவசரத்தில் தொலைநோக்கியைக் கண்ணோடு ஒட்டினேன். உள்ளே ஒரே இருட்டு. கைத்துப்பாக்கித் தொலைநோக்கியைக் கையை முழுதாக நீட்டிப் பிடித்துத்தான் பார்க்க வேண்டும். கண்ணில் ஒட்டினால் ஒன்றும் தெரியாது. ஆர்னே இதைப் பலமுறை சொல்லியிருப்பான். நான் கிறவுண்ட்ஹொக் விழுகிற இடத்தை மட்டும் ரசித்துக் கேட்டிருக்கிறேன். தெரியாவிட்டால் என்ன, திசை தெரியும்தானே என்று விசையை அழுத்தினேன். துப்பாக்கி பின்னுக்கு உதைத்து, தொலைநோக்கியின் விளிம்பு புருவத்தில் 'டக்' என்று இறங்கியது.

எலி போய்விட்டது. நான் எழும்பி நின்றேன். முகத்தில் இரத்தம், கையிலும் சட்டையிலும் பீற்றூட், வலது கையில் தொலைநோக்கி வைத்த துப்பாக்கி, வாயில் யாழ்ப்பாணத்துத் தூஷணம். வேலிக்கு அந்தப் பக்கம் நாயோடு நடந்துகொண்டிருந்த ஒரு மனிசி என்னைப் பார்த்தாள். நான் மரியாதைக்குச் சிரித்தேன். அதுதான் அவளை ஓட வைத்தது என்று நினைக்கிறேன்.

கொஞ்ச நேரத்தில் பொலிஸ் வந்தது. இந்த நாட்டுப் பொலிஸ்காரர் பெரும்பாலும் துப்பாக்கியைக் காருக்குள் பூட்டி வைத்திருப்பார்கள். எனக்காக அன்று எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். ஓர் ஆண், ஒரு பெண்.

"துப்பாக்கியைக் கீழே போடு! கையை மேலே தூக்கு!"

துப்பாக்கியைப் போட்டேன். கையை மட்டும் தூக்கவில்லை. காற்சட்டைப் பைக்குள் விட்டேன்.

இதை நோர்வேக்காரருக்கு விளங்கப்படுத்த முடியாது. இளமையில் ஊரில் ஒவ்வொரு சந்தியிலும் சென்றி, ஆமிக்காரரின் சோதனைக் காவல். சீருடைக்காரன் வாய் திறக்கமுன் 'ஐசி' என்கிற அடையாள அட்டை வெளியே வந்துவிட வேண்டும், வராவிட்டால் அடி. நான் நோர்வேக்கு வந்து முப்பது வருடம் தாண்டிவிட்டது. என் கைக்கு அது தெரியாது. அவர்கள் கத்தக் கத்த, கை பைக்குள் இன்னும் ஆழமாகத் தேடியது. அந்தப் பெண்ணின் துப்பாக்கி என் நெஞ்சுக்கு நேரே வந்தது.

"இஞ்சருங்கோ! இது ஊரில்லை! கையை வெளியிலை எடுங்கோ!"

றெஜினா. சமையலறைக் கதவடியில், இரவு உடுப்போடு, தலையில் துணிகூட இல்லாமல் நின்றாள். மொட்டைத் தலையோடு அவள் வெளியே வந்தது அதுதான் முதல் தடவை. என் கை மெல்ல வெளியே வந்தது. கையில் இருந்ததை இரண்டு கையாலும் பிடித்து, குனிந்து, பொலிஸ்காரியிடம் நீட்டினேன். அது பீற்றூட் விதைப் பக்கற். முன்னால் பெரிய சிவப்புக் கிழங்கின் படம்.

அவள் படத்தைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள். பாத்தியைப் பார்த்தாள். றெஜினா முதியோர் இல்லத்தில் இருபது வருடம் வேலை செய்து பழகிய நோர்வேஜிய மொழியில் தெளிவாகச் சொன்னாள்: "இவர் என் புருஷன். எலியோடு சண்டை. எலி வென்றுகொண்டிருக்கிறது."

துப்பாக்கிகள் தாழ்ந்தன. றெஜினா சிரிக்கத் தொடங்கினாள். நிற்க முடியாமல் படியில் குந்தி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணால் தண்ணீர் ஓடச் சிரித்தாள். மாதக்கணக்காக அந்தச் சிரிப்பை நான் கேட்டிருக்கவில்லை. பொலிஸ்காரி அவளுக்குப் பக்கத்தில் போய் இருந்து தோளைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு வெட்கத்தில் சாகலாம் போலவும், இன்னொரு தடவை அப்படியே செய்து காட்டலாம் போலவும் இருந்தது.

"அந்த எலியை விடுங்கோ" என்றாள், மூச்சு வந்த பிறகு. "இந்த வீட்டிலை ஒருத்தருக்காவது பசிக்குதே."

துப்பாக்கியைக் கொண்டுபோனார்கள். பிறகு கண்டித்து ஒரு கடிதம் வந்தது. அன்று பின்னேரம் எலி விட்டுவைத்த கிழங்குகளைப் பொறுக்கி, பல் பட்ட இடத்தை வெட்டி எறிந்து, தேங்காய்ப்பால் விட்டுக் கறி வைத்தேன். றெஜினா ஐந்து கரண்டி சாப்பிட்டாள்.

"எப்பிடி?"

"நல்லாயிருக்கு. உப்பு, புளி எல்லாம் அளவாய்க் கிடக்கு."

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அவள் படுத்த பிறகு மிச்சத்தை வாயில் வைத்தேன். நான் உப்பே போடவில்லை. சட்டியை அடுப்பிலேயே விட்டுவிட்டு, அங்கேயே நின்று அழுதேன்.

நவம்பரில் அவள் போனாள். அடக்கம் முடிந்து தேவாலய மண்டபத்தில் எல்லோரும் தேநீரோடு இருந்தபோது, அனிற்றா எழும்பி இந்தக் கதையைத்தான் சொன்னாள். கறுப்பு உடுப்போடு சனம் விழுந்து விழுந்து சிரித்தது. ஆர்னே சிரித்தபடியே மூக்கைச் சீறினான். அன்றிலிருந்து எங்கள் வீட்டு அழைப்புமணி அடித்தால், "அப்பா, ஐசியை எடுங்கோ" என்று யாராவது சொல்லாமல் கதவு திறப்பதில்லை. விதைப் பக்கற் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறது. ஒட்டியவள் றெஜினா. கீழே பேனையால் 'அப்பாவின் ஐசி' என்று எழுதியும் இருக்கிறாள்.

ஒவ்வொரு மே மாதமும் அனிற்றா வந்து இரண்டு வரிசை பீற்றூட் போடுகிறாள். முதல் வருடம் நான் கேட்டேன்: "ரெண்டு பேருக்கு ஏன் பிள்ளை ரெண்டு வரிசை?"

"ஒண்டு எங்களுக்கு அப்பா. ஒண்டு அதுக்கு. அம்மா சொன்னவா."

அது வருடா வருடம் எங்கள் வரிசையைத்தான் முதலில் தின்கிறது. சரிந்த செடியைப் பிடித்து இழுத்து, கிழங்கில்லாத இலையை அனிற்றா எனக்குத் தூக்கிக் காட்டுவாள். இருவரும் சத்தமாகச் சிரிப்போம். பிறகு நான் வாளியை வைக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, கராஜுக்குள் போய்க் கொஞ்ச நேரம் தனியே நிற்பேன்.